குளிர் எத்தனை வாரம்? செடியைக் கேளுங்கள்

கேள்வி: மூளை இல்லாத செடி குளிர்காலத்தை ‘நினைவில்’ வைத்துக்கொண்டு பூக்கிறது என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். சற்று ஓவராக இல்லை?
– விருதுநகர் வாசகர்

பதில்: மூளை உள்ள நாம் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறோம். மூளைக்கும் நினைவுக்கும் அப்படியொன்றும் நெருங்கிய சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அராபிடாப்சிஸ் தாலியானா என்று ஒரு களை. கடுகுக் குடும்பம். ஐரோப்பாவில் வேலியோரத்திலும் சுவர் இடுக்கிலும் முளைப்பது. பொடிப் பொடியாக வெள்ளைப் பூ. சாமிக்கும் ஆகாது, கூந்தலுக்கும் ஆகாது. ஆனால் 2000-இல் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்ட முதல் தாவரம் இதுதான். இதன் காட்டு ரகங்களில் பல, இலையுதிர்காலத்தில் முளைத்து, தரையோடு தரையாக இலையை விரித்துக்கொண்டு பனிக்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் பூக்கும். அக்டோபர் வெயிலை நம்பிப் பூத்தால் பிஞ்சு உறைபனியில் கருகிவிடும். அதனால் எஃப்எல்சி என்ற ஒரு மரபணு ‘பூக்காதே, பூக்காதே’ என்று தடை போட்டுக்கொண்டே இருக்கிறது. சில வாரம் குளிர் பட்டதும் அது ஓய்கிறது.

கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த கட்டம். குளிர் போய் வெயில் வந்த பிறகும் எஃப்எல்சி மறுபடி வாய் திறப்பதில்லை. காரணம் போய்விட்டது, விளைவு நிற்கிறது. இதை நினைவு என்று சொல்லாமல் என்ன சொல்வது? பாடப்புத்தகத்தில் இதற்குத் தட்பப்பதனம் என்று பெயர். பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்திருப்பீர்கள், செடி மறக்கவில்லை.

கேள்வி: டிஎன்ஏவில் ஓர் எழுத்துகூட மாறாமல் மரபணுவை எப்படி வாயடைக்க முடியும்?
– பாளையங்கோட்டை கல்லூரி மாணவி

பதில்: டிஎன்ஏ அம்மணமாக மிதப்பதில்லை. ஹிஸ்டோன் என்ற புரதங்களாலான உருண்டைகளின்மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓர் உருண்டைக்கு எட்டு ஹிஸ்டோன்கள், சுமார் 147 எழுத்து இணைகள். ஹிஸ்டோன்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால் உண்டு. எச்3 என்ற ஹிஸ்டோனின் வாலில் 27-ஆவதாக இருக்கும் லைசின்மேல் மூன்று மீதைல் தொகுதிகளை ஏற்றிவிட்டால், அந்த இடத்து மரபணு படிக்கப்படாது. ஏற்றிவிடுவது பாலிகோம்ப் என்ற புரதக் கூட்டணி. எழுத்து அப்படியே இருக்கிறது, வாசிப்பு நின்றுவிடுகிறது. இந்த வகை சங்கதிக்குத்தான் எபிஜெனெடிக்ஸ் என்று பெயர்.

இது ஒரே நாளில் நடப்பதில்லை. குளிர் தொடங்கியதும் எஃப்எல்சியிலிருந்து ஆர்என்ஏ நகலெடுப்பது குறைகிறது. அதே சமயம் அதே மரபணுவில் எதிர்த் திசையில் ஓர் ஆர்என்ஏ எடுக்கப்படுகிறது. 2009-இல் இதைக் கண்டவர்கள் அதற்கு ‘கூல்ஏர்’ என்று பெயர் வைத்தார்கள்; ஆய்வுக்கூடத்தில் ஏர்கூலர் பழுதாகியிருந்ததோ என்னவோ. பிறகு வாரக்கணக்கில் வின்3 என்ற புரதம் மெல்ல மெல்லச் சேர்கிறது. அது பாலிகோம்புடன் சேர்ந்து மரபணுவின் தலைப்பகுதியில், மூன்று உருண்டை அகலமே உள்ள இடத்தில், முதல் மீதைல் குறிகளை விழவைக்கிறது. வெயில் திரும்பி, செடி வளரத் தொடங்கியதும், அந்தக் குறி மரபணு முழுக்கப் பரவிக் கெட்டிப்படுகிறது. பிள்ளையார் சுழி போடுவது குளிர், முடித்துவைப்பது வெயில்.

கேள்வி: செல் இரண்டாகப் பிரியும்போது குறி பாதியாகிவிடாதா? நாலு தடவை பிரிந்தால் பதினாறில் ஒன்றுதானே மிஞ்சும்?
– அதே மாணவி

பதில்: சபாஷ். பாதியாகத்தான் ஆகிறது. பழைய ஹிஸ்டோன்கள் இரண்டு புதிய டிஎன்ஏக்களுக்கும் பிரிந்துபோகின்றன. இடையிடையே குறி இல்லாத புது ஹிஸ்டோன்கள் வந்து உட்காருகின்றன. ஆனால் பாலிகோம்ப் கூட்டணிக்கு ஒரு குணம் உண்டு: பக்கத்தில் குறி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஹிஸ்டோனிலும் குறி வைக்கும். இப்படி ஒவ்வொரு பிரிவுக்குப் பின்னும் பாதியை முழுதாக்கிக்கொள்கிறது.

கேள்வி: ஒரு நாள் குளிருக்கும் ஒரு மாதக் குளிருக்கும் வித்தியாசம் செடிக்கு எப்படித் தெரிகிறது? தெர்மாமீட்டர் உண்டா, காலண்டர் உண்டா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: இரண்டும் இல்லை. வளராமல் இருப்பதே காலண்டர்.

வின்3-ஐ முடுக்கிவிடும் புரதங்களில் ஒன்று என்டிஎல்8. இது சுலபத்தில் சிதையாத ஜாதி. கோடையில் செடி மளமளவென்று வளர்வதால், உற்பத்தியாகும் என்டிஎல்8 புதிய செல்களுக்குப் பங்கு போடப்பட்டு நீர்த்துப்போகிறது. குளிரில் வளர்ச்சி சுணங்கும். பங்கு கேட்க ஆளில்லை. புரதம் சேர்ந்துகொண்டே போகிறது. வாரங்கள் ஆக ஆக அளவு ஏறும், வின்3-உம் ஏறும். 2020-இல் வெளியான இந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. குளிரை அளக்கத் தனியாக ஒரு கருவி வேண்டியதில்லை. குளிரால் மந்தமானதே அளவாகிவிடுகிறது.

கேள்வி: ஜனவரியில் நாலு நாள் வெயிலடித்தால் வசந்தம் வந்துவிட்டதென்று ஏமாந்து பூத்துவிடாதா?
– காரைக்குடி வாசகி

பதில்: ஏமாறாது. எஃப்எல்சி முழுக்க அடங்கியிருந்தாலும் பூக்கும் உத்தரவு தனியாக வர வேண்டும். பல ரகங்கள் பகல் நீள்வதற்கும் காத்திருக்கும். எஃப்டி என்ற புரதம் இலையில் உருவாகித் தண்டு நுனிக்குப் பயணம் செய்தால்தான் மொட்டு. எஃப்எல்சி செய்யும் முக்கிய வேலை அந்த எஃப்டிக்கு முட்டுக்கட்டை போடுவது. தட்பப்பதனம் முட்டுக்கட்டையை எடுக்கிறது; வண்டியை ஓட்டுவதில்லை.

இலையுதிர்காலத்தில் இடையில் சுடும் நாள்களுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. பகலில் 15 டிகிரிக்கு மேல் போனால் வின்3 சேர்வது தடைப்படுகிறது. அதாவது செடி ‘குளிர்கிறதா’ என்று மட்டும் பார்ப்பதில்லை. ‘சூடு தலைகாட்டாமல் இருக்கிறதா’ என்றும் பார்க்கிறது. ஜப்பானில் ஹிரோஷி குடோவின் குழு, அராபிடாப்சிஸின் சொந்தமான, பல்லாண்டு வாழும் ஹல்லேரி என்ற செடியை ஆற்றங்கரையில், அது இயல்பாக வளரும் இடத்திலேயே, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஒரு நாளைய எஃப்எல்சி அளவை அன்றைய வெப்பநிலை தீர்மானிக்கவில்லை. அதற்கு முந்தைய ஆறு வார வெப்பநிலையே தீர்மானித்தது. நேற்றைய வெயிலுக்கெல்லாம் அது அசைவதில்லை.

கேள்வி: மூன்று வாரக் குளிர் பட்டால் எஃப்எல்சி பாதி அடங்கும், ஆறு வாரம் பட்டால் முழுக்க அடங்கும், அப்படித்தானே?
– கோவை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: செடி முழுவதையும் அரைத்து அளந்தால் அப்படித்தான் தெரியும், ஐயா. ஆனால் ஒரு தனி மரபணு ‘பாதி’ அடங்குவது என்பதே கிடையாது. அங்கேதான் இந்தக் கதையின் உச்சம்.

இங்கிலாந்தில் நாரிச் நகரில் ஜான் இன்னஸ் மையம் இருக்கிறது. கரோலின் டீன் அங்கே பல்லாண்டுகளாக இந்த ஒரு மரபணுவையே துரத்திக்கொண்டிருப்பவர். 2020-இல் வேளாண்மைக்கான உல்ஃப் பரிசு பெற்றவர். அவரும், கணித மாதிரி போடும் மார்ட்டின் ஹோவர்டும், அவர்கள் குழுவினரும் 2011-இல் ஒரு வேலை செய்தார்கள். எஃப்எல்சி இயங்கும் செல்லெல்லாம் சாயமிட்டால் நீலமாகும்படி ஒரு செடியை உருவாக்கி, சில வாரம் குளிரில் வைத்து வெளியே எடுத்து, வேர் நுனியை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். வேரெங்கும் வெளிர்நீலமாக இருந்திருந்தால் நீங்கள் சொன்னது சரி. அப்படி இல்லை. சில செல்கள் அடர்நீலம். பக்கத்துச் செல்கள் வெள்ளை வெளேர். ஒரு செல் அடங்கியிருந்தால் அதிலிருந்து பிறந்த செல் வரிசையும் வெள்ளையாகவே நீண்டிருந்தது. குளிர் நாள்களைக் கூட்டக் கூட்ட நீலச் செல்களின் எண்ணிக்கை குறைந்தது.

தேர்தல் மாதிரி. அரை ஓட்டு யாரும் போட முடியாது. ஆனால் தொகுதியில் 37 சதவீதம், 82 சதவீதம் என்று முடிவு வரும். ஒவ்வொரு செல்லும் ஆம் அல்லது இல்லை. எத்தனை செல் ‘ஆம்’ என்று விழுந்திருக்கிறதோ, அதுதான் குளிர்காலத்தின் நீளம்.

ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. செல்லுக்குள் மிதக்கும் ஏதோ ஒரு பொருள் இந்த முடிவைச் சுமக்கிறதா, அல்லது மரபணுவே சுமக்கிறதா? 2015-இல் அதற்கும் விடை. எஃப்எல்சியின் ஒரு பிரதிக்கு ஒரு நிறம், இன்னொரு பிரதிக்கு வேறு நிறம் ஒளிரும்படி செய்து பார்த்தார்கள். ஒரே செல்லில் ஒரு பிரதி இயங்குகிறது, மற்றது அடங்கிக் கிடக்கிறது! அந்த நிலையே மகள் செல்களுக்கும் போகிறது. மிதக்கும் பொருள் காரணமென்றால் இரண்டும் சேர்ந்துதான் அடங்கியிருக்க வேண்டும். ஆக, ஓட்டு செல்லுக்கு அல்ல, பிரதிக்குத்தான்; நினைவு எழுதப்பட்டிருப்பது அந்தந்தப் பிரதியின் ஹிஸ்டோன்களில்தான். ஒரு செல்லுக்குள் இரண்டு கட்சி, கூட்டணி முறிவில்லை. நம் ஊரில் இதெல்லாம் நடக்காது.

கேள்வி: எல்லா ஊர் அராபிடாப்சிஸும் ஒரே அளவு குளிர்தான் கேட்குமா?
– மதுரை வாசகர்

பதில்: கேட்காது. சில ரகங்களுக்கு நாலு வாரம் தாராளம். வட சுவீடனின் லோவ்-1 ரகத்துக்கு ஒன்பது வாரம் வேண்டும். அவ்வளவு குளிர் ஊரில் குளிருக்கா பஞ்சம், பேராசை எதற்கு என்று தோன்றும். காரணம் தலைகீழானது. அங்கே பனி விழுவதற்கு முன்பே, இலையுதிர்காலத்திலேயே, இந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. லோவ்-1 சுமார் 8 டிகிரியிலேயே நன்றாக எண்ணிக்கொள்ளும். அங்கே இலையுதிர்காலமே அவ்வளவு குளிர் என்பதால், எண்ணிக்கை குறைவாக இருந்தால் பனிக்கு முன்னால் பூத்துத் தொலைக்கும். ரகங்களுக்குள் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் புரதம் மாறியதல்ல. எஃப்எல்சியின் புரதம் எழுதாத பகுதியில் இருக்கும் சில எழுத்து மாற்றங்கள்.

கேள்வி: குளிர்காலக் கோதுமையை வசந்தக் கோதுமையாக மாற்றிக் காட்டிய சோவியத் விஞ்ஞானி லைசென்கோவைப் போலி என்றார்கள். இப்போது எபிஜெனெடிக்ஸ் வந்துவிட்டதே, அவர் சொன்னது சரிதானே? மன்னிப்புக் கேட்பார்களா?
– ஈரோடு, பழைய தோழர்

பதில்: தோழர், அவசரப்படாதீர்கள். லைசென்கோவிடம் இரண்டு சரக்கு இருந்தது. முதலாவது: குளிர்காலக் கோதுமை விதையை ஊறவைத்துக் குளிரூட்டி வசந்தத்தில் விதைத்தால் அந்த ஆண்டே கதிர் வரும். இது உண்மை. ஆனால் அவருடையது அல்ல. ஜெர்மனியின் குஸ்டாவ் காஸ்னர் 1918-லேயே குளிர்கால ரை தானியத்தில் இதைக் காட்டிவிட்டார். 1920-களின் கடைசியில் லைசென்கோ அதற்கு மேடை போட்டார்.

இரண்டாவது சரக்குதான் விவகாரம். இப்படிக் குளிரூட்டிய குணம் வித்து வழியாக அடுத்த தலைமுறைக்கும் போய்விடும், கோதுமையின் பிறவிக் குணத்தையே மாற்றிவிடலாம் என்றார். அது நடக்கவில்லை. விளைவு மட்டும் நடந்தது. அவரை எதிர்த்த, உலகம் முழுக்க விதை சேகரித்த நிக்கொலாய் வாவிலோவ் 1940-இல் கைது செய்யப்பட்டு, 1943-இல் சரதோவ் சிறையில் பட்டினியில் இறந்தார். 1948 ஆகஸ்டில் சோவியத் வேளாண் அகாதெமிக் கூட்டத்துக்குப் பிறகு மரபியலே அந்த நாட்டில் தடைபட்டது.

இனி எபிஜெனெடிக்ஸுக்கு வருவோம். அது லைசென்கோவைக் காப்பாற்றவில்லை, ஆதாரத்தோடு கைவிட்டுவிட்டது. எஃப்எல்சிமேல் விழுந்த குறி வேர், தண்டு, இலை எல்லாம் கடந்து செடியின் ஆயுள் முழுக்க நிற்கும். விதைக்குள் கரு உருவாகும்போது துடைக்கப்படுகிறது. துடைக்கும் வேலையில் ஈஎல்எஃப்6 என்ற நொதிக்குப் பங்கு உண்டு. இதை 2014-இல் டீன் குழுவினர் காட்டினார்கள். அதனால்தான் ஒவ்வொரு விதையும் தன் குளிர்காலத்தைத் தானே எண்ண வேண்டியிருக்கிறது. யோசித்துப் பாருங்கள்: அம்மாவின் குளிர்கால நினைவோடு பிறந்த விதை, முளைத்த அக்டோபரிலேயே பூத்துச் செத்துப்போகும். நினைவு எவ்வளவு கெட்டியோ, மறதியும் அவ்வளவு கச்சிதமாக இருந்தால்தான் அந்தக் களைக்குப் பிழைப்பு.

கோதுமையில் சூத்திரமே வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே குளிர் ஒரு தடையை அடக்குவதோடு தொடங்குவதில்லை. விஆர்என்1 என்ற, பூக்கத் தூண்டும் மரபணுவை எழுப்புகிறது. அதன்மேல் இருந்த மீதைல் குறி குளிரில் குறைகிறது. கடுகுக் குடும்பம் ஒரு வழி, புல் குடும்பம் இன்னொரு வழி. தனித்தனியாகக் கண்டுபிடித்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

கேள்வி: பஞ்சாபில் நவம்பரில்தானே கோதுமை விதைக்கிறார்கள்? அப்போது அது குளிர்காலக் கோதுமைதானே?
– சேலம் வாசகர்

பதில்: விதைப்பது குளிர்காலத்தில், ரகம் வசந்த ரகம். பசுமைப் புரட்சிக்கு வித்திட்ட நார்மன் போர்லாக்கின் மெக்சிகோ விதைகளும் அதே ஜாதி. குளிர் வந்தால் வளர்வார்கள், வராவிட்டால் அடம்பிடிக்க மாட்டார்கள்.

கேள்வி: ஊட்டி முட்டைகோஸுக்கு விதை ஏன் வெளியூரிலிருந்து வர வேண்டும்? நாமே ஒரு செடியைப் பூக்கவிட்டு எடுக்கக் கூடாதா?
– கோத்தகிரி விவசாயி

பதில்: உங்கள் ஊர் குளிர் நமக்குத்தான் குளிர், முட்டைகோஸுக்கு அது வெறும் சில்லென்ற காற்று. முட்டைகோஸ் அராபிடாப்சிஸின் நெருங்கிய சொந்தம். எஃப்எல்சி அதற்கும் உண்டு. குஞ்சுச் செடியாக இருக்கும்போது எவ்வளவு குளிர் பட்டாலும் கணக்கில் சேராது. தண்டு பென்சில் கனத்துக்கு வந்த பிறகு வாரக்கணக்கில் நல்ல குளிர் படவேண்டும். அதனால்தான் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், ஹிமாசலத்தின் குலு பள்ளத்தாக்கில் காட்ரைனில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. குளிர்நாட்டுக் காய்கறிகளின் விதை ஆராய்ச்சிக்குப் பெயர்போன இடம்.

கேரட் போட்டிருந்தால் உங்கள் கவலை எதிர்ப்பக்கம் இருக்கும். முளைத்த பிறகு நீண்ட குளிர் பட்டுவிட்டால் வேர் திரளும் முன்பே பூத்தண்டு கிளம்பும். கிழங்கு கட்டையாகும், மண்டியில் சீந்த மாட்டார்கள். முட்டைகோஸ் பூக்கவில்லையே என்று ஒருவர் தவிக்க, கேரட் பூத்துவிட்டதே என்று பக்கத்து வயல்காரர் தலையில் கைவைக்கிறார். இருவருக்கும் பிரச்சினை ஒன்றே.

கேள்வி: மார்கழிப் பனியில் எங்கள் தோட்டத்து மாமரம் பூக்கிறதே, அதுவும் தட்பப்பதனமா?
– கிருஷ்ணகிரி வாசகி

பதில்: இல்லை. மாவுக்கும் குளிர்ந்த இரவுகள் தேவை. ஆனால் அது நினைவில் வைத்துக்கொண்டு பிறகு பூப்பதில்லை. குளிர் இருக்கும்போதே துளிர் கிளம்ப வேண்டும், கிளம்பினால் பூங்கொத்து. குளிர் விலகியபின் கிளம்பினால் இலைதான். கைமேல் காசு, கடன் கிடையாது.

கேள்வி: குறிஞ்சி?
– கொடைக்கானல் வாசகர்

பதில்: 2006, 2018, அடுத்தது 2030. ஒரு குளிர்காலத்தை எண்ணும் எஃப்எல்சி தலையில் பன்னிரண்டு ஆண்டைக் கட்ட எனக்குத் துணிச்சல் இல்லை.

கேள்வி: ஒரு தடவை பூத்துச் சாகிற செடிக்கு இதெல்லாம் சரி. ஆண்டுதோறும் பூக்கிற செடி என்ன செய்யும்? தடை ஒரேயடியாக நீங்கிவிட்டால் வருடம் முழுக்கப் பூத்துக்கொண்டே இருக்காதா?
– புதுச்சேரி வாசகி

பதில்: ஆல்ப்ஸ் மலையின் அராபிஸ் அல்பினா என்ற செடியிடம் இதே கேள்வியை ஜெர்மனியின் கொலோன் நகரில் ஜார்ஜ் கூப்லாண்ட் குழுவினர் கேட்டார்கள், 2009-இல் பதில் வந்தது. அதில் எஃப்எல்சிக்கு நிகரான மரபணுவின் பெயர் பெப்1. குளிரில் அடங்குகிறது, வெயில் வந்ததும் மறுபடி எழுந்துவிடுகிறது. குளிரில் மொட்டாகிவிட்ட கிளைகள் பூக்கும். அதன்பின் வரும் கிளைகள் இலையாகவே நின்று அடுத்த குளிர்காலத்துக்குக் காத்திருக்கும். ஒரே அடிப்படைக் கருவி. நிரந்தரம் என்ற திருகை மட்டும் தளர்த்திவிட்டது.

கேள்வி: களைச்செடி ஆராய்ச்சிக்கு இவ்வளவு செலவு தேவையா? மனிதனுக்கு ஏதாவது பிரயோசனம் உண்டா?
– சென்னை, வரி கட்டுபவர்

பதில்: பாலிகோம்ப் முதலில் அகப்பட்டது பழ ஈயில். 2001-இல் அராபிடாப்சிஸின் குளிர் நினைவு மரபணு ஒன்றைப் பிரித்தபோது, அது பழ ஈயின் அந்தக் கூட்டணி உறுப்பினரின் உறவு என்று தெரிந்தது. மனிதனிடமும் அதே கூட்டணி இருக்கிறது; குறி வைக்கும் நொதிக்கு நம்மிடம் ஈஇசட்எச்2 என்று பெயர். அது தறிகெட்டால் சில வகை நிணநீர்ப் புற்று. அந்த நொதியைத் தடுக்கும் டாஸெமெட்டோஸ்டாட் மருந்துக்கு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஈ, கடுகு, நீங்கள், நான். ஆலை ஒன்று, கிளைகள் பல. ரசீது வேண்டுமா?

கேள்வி: மீதமான காய்கறி விதைப் பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். இதையெல்லாம் படித்தபின் பயமாக இருக்கிறது. எல்லாம் பூத்துத் தொலையுமா?
– திருச்சி, மாடித்தோட்டக்காரர்

பதில்: உலர்ந்த விதைக்குத் தட்பப்பதனம் இல்லை. அது தண்ணீர் குடித்து விழித்திருந்தால்தான் குளிரை எண்ணும். பாக்கெட்டை இறுக மூடித் தாராளமாக வையுங்கள். ஐரோப்பிய ரக முள்ளங்கி விதையை ஊறவைத்து முளைகட்டி, ஃப்ரிட்ஜில் வைத்து மறந்து, சில வாரம் கழித்து நட்டால் மட்டும் கிழங்குக்குப் பதில் பூவும் காயும் வரலாம். அந்தக் காயை வட இந்தியாவில் மூங்ரே என்று கறி வைக்கிறார்கள். நன்றாகவே இருக்கும்.